டனாகா தோற்ற மறுநாள்: ராகுடென் ஈகிள்ஸ், 2013

2013 சீசனில் ஜப்பானின் ராகுடென் ஈகிள்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) மசாஹிரோ டனாகா பெயரில் தோல்வி என்று எழுதப்பட்டது ஒரே ஒரு ஆட்டம். ஏப்ரலில் வீச ஆரம்பித்து, அக்டோபர் 8-ல் லீக் ஆட்டங்களை முடித்தபோது அவர் கணக்கு 24 வெற்றி, தோல்வி பூஜ்யம். அப்புறம் வந்த பிளே-ஆஃபிலும் தோற்கவில்லை. இரண்டு லீக்குகளின் சாம்பியன்கள் கோப்பைக்காக மோதுகிற ஜப்பான் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தார். நவம்பர் 2, ஆறாவது ஆட்டம், வடகிழக்கு ஜப்பானின் சென்டாயில், சொந்த மைதானத்தில். தொடரில் ராகுடென் 3-2 என்று முன்னால் இருக்கிறது. இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை, பந்து டனாகா கையில். ஊர் முழுக்கக் கொண்டாடத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்குப் பார்த்துத் தோற்றார்.

அதுவும் முன்னிலையில் இருந்து. இரண்டாவது இன்னிங்ஸில் ராகுடென் 2-0. ஐந்தாவதில் எதிரணி ஜயண்ட்ஸின் ஹோசே லோபஸ் அடித்த இரண்டு ரன் ஹோமரில் (வேலியைத் தாண்டிப் பறந்த அடியில்) சமம், அதே இன்னிங்ஸில் இன்னொரு ரன், அடுத்ததில் ஒன்று. முடிவு 4-2. டனாகா ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி முடித்தார்: கொடுத்த ஹிட் (பேட்டரை பேஸ் என்ற ஓட்ட முனைக்குக் கொண்டுபோகிற அடி) 12, வீசியது 160 பந்துகள்.

ராகுடெனின் 2013-ஐப் பற்றிப் பேசுகிற எல்லோரும் 24-0 என்ற எண்ணில்தான் தொடங்குவார்கள். தப்பில்லை, அப்படி ஓர் எண் வேறெங்கும் கிடையாது. நான் அந்தத் தோல்வியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. லீக்கில் ராகுடென் 82 வெற்றி, 59 தோல்வி, 3 டிரா. டனாகாவின் 24-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 58 வெற்றி, 59 தோல்வி. அதாவது, அவர் பெயரில் முடிவு எழுதப்படாத நாட்களில் இது பாதிக்குப் பாதி ஜெயிக்கிற சாதாரண அணி. ஆனால் ஜப்பான் சீரிஸில் கிடைத்த நான்கு வெற்றிகளைப் பிரித்துப் பாருங்கள். டனாகா ஒன்று, மனாபு மிமா இரண்டு, டகாஹிரோ நோரிமோட்டோ ஒன்று. லீக் பட்டம் டனாகா வாங்கிக் கொடுத்தது. கோப்பையை வாங்கியது அந்தச் சாதாரண அணி.

மிச்சம் மீதியில் உண்டான அணி

2004-ல், ஜப்பானின் இரண்டு லீக்குகளில் ஒன்றான பசிபிக் லீகின் கின்டெட்சு பஃபலோஸ் நஷ்டம் தாங்காமல் ஓரிக்ஸ் புளூவேவுடன் இணைவதாக அறிவித்தது. பன்னிரண்டு அணிகளைக் குறைத்து ஒரே லீகாக்கிவிடலாம் என்று முதலாளிகள் பேச ஆரம்பித்தார்கள். வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த யாகுல்ட் அணியின் கேட்சர் (பிட்சர் வீசுகிற பந்தைப் பிடிப்பவர்) அட்சுயா ஃபுருட்டா ஒத்துக்கொள்ளவில்லை. செப்டம்பர் 18, 19 இரண்டு நாளும் ஆட்டம் நடக்கவில்லை. ஜப்பான் தொழில்முறை பேஸ்பால் கண்ட முதல் வேலைநிறுத்தம் அது. ஆட்டம் போச்சே என்று கோபப்பட்டிருக்க வேண்டிய ரசிகர்கள் வீரர்கள் பக்கம் நின்றார்கள். இணைப்பை நிறுத்த முடியவில்லை, ஆனால் புது அணிக்குக் கதவு திறந்தது. லைவ்டோர், ராகுடென் என்று இரண்டு இணைய நிறுவனங்கள் சென்டாயைக் கேட்டு விண்ணப்பித்தன. ராகுடெனுக்கு அனுமதி கிடைத்த தேதி 2004 நவம்பர் 2. ஒன்பது வருடம் கழித்து அதே தேதியில்தான் டனாகா தோற்றார்.

வீரர்களைப் பங்கிட்ட விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். இணைந்த இரண்டு அணிகளிலிருந்தும் ஓரிக்ஸ் தனக்கு வேண்டிய 25 பேரை முதலில் எடுத்து வைத்துக்கொண்டது. புது அணி மிச்சத்திலிருந்து பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஓரிக்ஸுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து வந்த ஹிசாஷி இவாகுமா ஒருவர்தான் முதல்தரப் பிட்சர். 2005 மார்ச் 26, முதல் ஆட்டம்: இவாகுமா வீச, லோட்டே அணியை 3-1 என்று ஜெயித்தார்கள். அட, பரவாயில்லையே என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் அதே லோட்டேயிடம் 26-0 என்று தோற்றார்கள். அந்த வருடம் 38 வெற்றி, 97 தோல்வி, 1 டிரா. முதல் மேனேஜரை ஒரே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சென்டாய்க்கு இது பழகிப்போன ஏமாற்றம். 1970-களில் லோட்டே ஓரியன்ஸ் சில வருடம் அங்கே தங்கி ஆடியது. 1974-ல் ஜப்பான் சீரிஸையும் ஜெயித்தது. ஆனால் அந்தத் தொடரின் ஓர் ஆட்டம்கூட சென்டாயில் நடக்கவில்லை. லோட்டேயின் சொந்த மைதான ஆட்டங்களை டோக்கியோவின் கொராகுவென் மைதானத்தில் நடத்தினார்கள். அப்புறம் அணியும் ஊரைவிட்டுப் போய்விட்டது. டோஹோகு என்ற வடகிழக்கின் ஆறு மாகாணங்களுக்கும் சொந்தம் என்று சொல்ல ஓர் அணி நிலைத்தது ராகுடென் வந்த பிறகுதான்.

2006 இலையுதிர்காலத்தில் அந்த அணிக்கு ஒரு சீட்டு விழுந்தது. பள்ளிக்கூடப் பிட்சர் டனாகாவை நான்கு அணிகள் கேட்டன. ஜப்பானில் இப்படி நேர்ந்தால் குலுக்கல். ராகுடென் கை போட்ட உறையில் அவர் பெயர் வந்தது. அதே கோடையில் கோஷியென் பள்ளிகள் போட்டியின் இறுதியாட்டம் 15 இன்னிங்ஸ் ஆடியும் 1-1 என்று முடியாமல், மறுநாள் திரும்ப ஆடி, டனாகாவின் பள்ளி 4-3 என்று தோற்றது. கடைசி பேட்டராக நின்று ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து வெளியேறுவது) ஆனவர் டனாகாவே.

அப்போதைய மேனேஜர் கட்சுயா நொமுரா அவருக்கு வைத்த பட்டம் இன்றும் ஊர்வாயில் இருக்கிறது: “மா-குன், கடவுளின் பிள்ளை, விசித்திரமான பிள்ளை.” டனாகா நாலைந்து ரன் கொடுத்துவிட்டு உட்காருகிற நாளிலும் பேட்டர்கள் எப்படியோ அடித்து ஜெயித்துவிடுவார்கள், அவருக்குத் தோல்வி ஒட்டாது. அதைப் பார்த்து 2007-ல் சொன்னது. ஆறு வருடம் கழித்துதான் அந்த வாக்கு முழுசாகப் பலித்தது.

மார்ச் 11

2011 மார்ச் 11 பிற்பகலில் ராகுடென் அணி சென்டாயில் இல்லை. தெற்கே ஹியோகோ மாகாணத்தின் அகாஷியில் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. 9.0 அளவு நிலநடுக்கம், அதன் பின்னால் சுனாமி. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 18 ஆயிரத்துக்கு மேல், அதில் பாதிக்கு மேல் சென்டாய் இருக்கிற மியாகி மாகாணத்தில். வீரர்களின் குடும்பங்கள் அங்கே, வீரர்கள் இங்கே. மைதானம் சேதமாகி ஆடமுடியாத நிலை. ஏப்ரல் முதல் வாரம் கழிந்துதான் அணி ஊர் திரும்பி, கடலோர முகாம்களுக்குப் போய் மக்களைப் பார்த்தது.

ஏப்ரல் 2-ல் சப்போரோவில் நடந்த நிதி திரட்டும் ஆட்டத்துக்கு முன்னால் கேட்சர் மோட்டோஹிரோ ஷிமா மைக் பிடித்தார். வீரர்கள் சங்கத்தில் அணியின் பிரதிநிதி அவர். “காட்டுவோம், பேஸ்பாலின் உள்பலத்தை” என்றார். ஏப்ரல் 29-ல் சென்டாய் மைதானத்தில் சீசனின் முதல் ஆட்டம் நடந்தபோது, ஓரிக்ஸை டனாகா முழு ஆட்டமும் வீசி ஜெயிக்க, ஷிமா மறுபடி பேசினார். இந்தமுறை பேஸ்பால் என்ற இடத்தில் டோஹோகு என்று மாற்றிச் சொன்னார்.

சொன்னபடி உடனே ஒன்றும் நடக்கவில்லை. 2011-ல் ஐந்தாம் இடம், 2012-ல் நான்காம் இடம். பேரிடர் வந்தது, மனம் உறுதிப்பட்டது, கோப்பை கிடைத்தது என்று நேர்க்கோடு போட்டு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வருடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மன உறுதியால் மட்டும் ஜெயிக்க முடிந்திருந்தால் 2011-லேயே ஜெயித்திருக்க வேண்டும். இடையில் ஆள் சேர்த்தார்கள்.

ஹோஷினோவின் பழைய கணக்கு

மேனேஜர் செனிச்சி ஹோஷினோ 2011-ல் வந்தவர். சுனிச்சி அணியின் பிட்சராக 146 வெற்றி, அதில் 35 யோமியுரி ஜயண்ட்ஸுக்கு எதிராக. ஜயண்ட்ஸ் என்றால் அவருக்கு ஆகாது. 1968 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சியில்) தன்னை எடுப்பார்கள் என்று காத்திருந்தார். ஜயண்ட்ஸ் ஷிமானோ என்ற பள்ளிப் பிட்சரை எடுத்தது. “ஹோஷி என்று எழுதவேண்டிய இடத்தில் ஷிமா என்று தப்பாக எழுதிவிட்டார்களோ” என்று ஹோஷினோ கேட்டதாக ஒரு கதை ஜப்பான் பேஸ்பாலில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜராக 1988, 1999-ல் சுனிச்சியையும் 2003-ல் ஹன்ஷினையும் ஜப்பான் சீரிஸ் வரை கொண்டுபோய் மூன்று முறையும் தோற்றவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தேசிய அணியோடு போய்ப் பதக்கம் இல்லாமல் திரும்பியவர். கோபக்காரர், வயது 66.

2013-க்கு முன் இரண்டு அமெரிக்க லீக் வீரர்களைக் கொண்டுவந்தார்கள். இருவரும் அதற்கு முந்தைய வருடம் நியூயார்க் யாங்கீஸில் ஆடியவர்கள். குராசாவ் தீவுக்காரரான ஆண்ட்ரூ ஜோன்ஸ், மேஜர் லீக்கில் 434 ஹோமர் அடித்த பெரிய கை, ஆனால் காலம் போய்விட்டது என்று ஒதுக்கப்பட்டவர். இங்கே சராசரி 0.243 தான், 26 ஹோமர், 94 ரன் அடித்துக் கொடுத்ததோடு 100-க்கு மேல் வாக் (நான்கு தப்பான பந்துக்காக இலவசமாகக் கிடைக்கிற முதல் பேஸ்) வாங்கினார். என்னைக் கேட்டால் இந்த வாக்குகள்தான் அந்த வருடத்தின் கவனிக்கப்படாத சொத்து. நான்காவதாக வருகிற ஆள் மோசமான பந்துக்குத் துரத்திப் போகாமல் நின்றால், அடுத்து வருபவருக்கு ஆளிருக்கிற பேஸ் கிடைக்கும். அடுத்து வந்தவர் கேசி மெக்கீ: 28 ஹோமர், 93 ரன்.

உள்ளூர் ஆட்களும் அதே வருடம் முளைத்தார்கள். கேட்சராக இருந்து அவுட்ஃபீல்டுக்கு மாறிய டகேரோ ஒகஜிமா முதல் ஆளாக இறங்கி 0.323. கின்ஜி 0.317. இந்த கின்ஜி பிறந்த ஊர் இவாத்தே மாகாணத்தின் ஃபுடாய். ஊர்த் தலைவர் ஒருவர் பிடிவாதமாக 15.5 மீட்டர் உயரத்தில் கட்டவைத்த மதகு 2011 சுனாமியில் அந்தக் கிராமத்தைக் காப்பாற்றிய செய்தியைப் படித்திருப்பீர்கள். அதே ஃபுடாய்தான்.

ஒரு பிட்சரின் வெற்றி என்றால் என்ன

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். ஜப்பானில் தொடக்கப் பிட்சர் வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுவார். அதனால் 144 ஆட்டங்களில் டனாகா தொடக்கத்தில் இறங்கியது 27. வெற்றி அவர் பெயரில் எழுதப்பட, குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், விலகும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசிவரை கையைவிட்டுப் போகக்கூடாது. தோல்வி எழுதப்படாமல் தப்பிக்க, அவர் பின்தங்கிய நிலையில் விலகினாலும் அணி திரும்பி வந்து சமன் செய்தால் போதும். ஆக 24-0 என்பதில் 24 பெரும்பாலும் பிட்சருடைய உழைப்பு. அந்த பூஜ்யத்தில் பேட்டர்களுக்கும் பங்கு உண்டு. அவர் பெயரில் முடிவு எழுதப்படாத மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூடத் தப்பான பக்கம் சாயவில்லை. நொமுரா சொன்ன விசித்திரம் அதுதான்.

சரி, உழைப்புப் பகுதிக்கு வருவோம். 212 இன்னிங்ஸ், 183 ஸ்ட்ரைக் அவுட், வாக் 32 மட்டும், ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 1.27. இதே 1.27 அவருக்கு 2011-லும் வந்தது; அந்த வருடம் 19 வெற்றி, 5 தோல்வி. எண் ஒன்றுதான், பந்து வேறு. 2011-ல் மிசுனோ தயாரித்த புது ஒரே மாதிரிப் பந்து வந்தது. அது அடித்தால் பறக்காத பந்து, பிட்சர்கள் எல்லோருக்கும் கொண்டாட்டம். 2013-ல் யாரிடமும் சொல்லாமல் பந்தைத் துள்ளும்படி மாற்றினார்கள். ஹோமர்கள் திடீரென்று கூடவே வீரர்கள் சந்தேகப்பட, ஜூனில் லீக் நிர்வாகம் ஒத்துக்கொண்டது. அந்த விவகாரத்தில் ஆணையர் ரியோசோ கட்டோ பதவியை விட்டார். வெளாடிமிர் பாலன்டீன் 60 ஹோமர் அடித்து சடஹரு ஓவின் 55-ஐ உடைத்ததும் அதே வருடம். மற்றப் பிட்சர்கள் அடிவாங்கிய சீசனில் டனாகா அசையாமல் நின்றதை 24-0-வைவிட நான் பெரிதாக நினைக்கிறேன்.

அவர் வீசுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் தெரியும். பேஸில் ஆள் இல்லாதபோது அளந்துதான் வீசுவார். இரண்டாவது பேஸுக்கு ஓர் ஆள் வந்துவிட்டால் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும், ஸ்ப்ளிட்டர் (பேட்டரை நெருங்கும்போது தாழ்ந்து விழுகிற பந்து) இன்னும் கீழே விழும், அவுட் ஆனதும் மைதானம் அதிரக் கத்துவார். முழுப் பலத்தையும் முதல் இன்னிங்ஸிலேயே கொட்டாமல் இருந்ததால்தான் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டு இன்னிங்ஸ் வரை நின்றார். அதில் அணிக்குப் பெரிய உபகாரம், ஏனென்றால் கடைசி இன்னிங்ஸ்களை முடித்துவைக்க ராகுடெனிடம் நம்பகமான ஆளே கிடையாது. டாரல் ராஸ்னர் 17 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காத்து முடிப்பது) எடுத்துவிட்டுக் காயத்தில் விலகினார். சென்டாயில் பிறந்து மேஜர் லீக்கில் ஆடித் திரும்பிய 43 வயது டகாஷி சைட்டோவெல்லாம் இறங்கிச் சமாளித்தார். டனாகா வீசுகிற நாளில் அந்த ஓட்டை வெளியே தெரியாது. மற்ற நாட்களில் தெரிந்தது. 58-59-க்குப் பாதிக் காரணம் அது.

மார்ச்சில் டனாகா உலக பேஸ்பால் கிளாசிக்கில் தேசிய அணியோடு போய்வந்ததால் சீசனின் முதல் ஆட்டத்தை வீசினது புதுமுகம் நோரிமோட்டோ. தோற்றார், ஆனால் வருடக் கடைசியில் 15 வெற்றி, 8 தோல்வி, சிறந்த புதுமுகம் விருது. ஜூலையில் அணி முதலிடத்துக்கு வந்தது, அப்புறம் இறங்கவே இல்லை.

செப்டம்பர் 26, செய்பு அணியின் மைதானம். ஏழாவது இன்னிங்ஸில் பேஸ் நிறைந்திருக்க, ஜோன்ஸ் மூவரையும் ஓடவைக்கும் டபுள் (அடித்தவர் இரண்டாவது பேஸ் வரை போகிற அடி) அடித்து 4-3 ஆக்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஹோஷினோ டனாகாவை அழைத்தார். உடனே ஒரே அவுட்டில் இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள். ஓர் ஒற்றை ஹிட் விழுந்தால் ஆட்டம் போச்சு. டகுமி குரியாமா, ஹிடெட்டோ அசாமுரா இருவரையும் வெறும் ஃபாஸ்ட்பாலாலேயே ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அணியின் முதல் லீக் பட்டம். இரண்டாம் இடம் வந்த செய்பு 7.5 ஆட்டம் பின்னால். பிளே-ஆஃபின் இறுதிக்கட்டத்தில் எதிரில் வந்தது, 2005-ல் 26-0 போட்ட அதே லோட்டே. முதல் ஆட்டத்தை டனாகாவும் மூன்றாவதை மிமாவும் ரன்னே கொடுக்காமல் முடிக்க, நான்காவதில் கடைசி இன்னிங்ஸுக்கு மறுபடி டனாகா.

ஏழு ஆட்டம்

ஜப்பான் சீரிஸில் எதிரில் ஜயண்ட்ஸ். நடப்புச் சாம்பியன், பணக்கார அணி, ஹோஷினோவின் ஜென்ம விரோதி. முதல் ஆட்டம் சென்டாயில் 2-0 என்று தோல்வி. இரண்டாவது டனாகா, 2-1, 12 ஸ்ட்ரைக் அவுட். டோக்கியோ டோமில் மூன்றாவதை மிமா 5-1 என்று எடுத்தார். மிமாவின் உயரம் 169 சென்டிமீட்டர், லீக்கில் அந்த வருடம் அவர் கணக்கு 6 வெற்றி, 5 தோல்வி. யாரும் பயப்படுகிற ஆள் இல்லை. அன்று ஆறாவது இன்னிங்ஸ் நடுவில் பந்து காலில் பட்டு விலகும்வரை ரன் கொடுக்கவில்லை. நான்காவது ஆட்டம் 6-5 என்று ஜயண்ட்ஸ்.

ஐந்தாவது ஆட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஆறாவது இன்னிங்ஸிலிருந்து நோரிமோட்டோ ரிலீவராக (மாற்றுப் பிட்சராக) வந்தார். ஒன்பதாவதில் ஒரு ரன் விட்டுக் கொடுத்து 2-2. பத்தாவது இன்னிங்ஸில் ராகுடெனுக்கு முதல் பேட்டர் நோரிமோட்டோவே. பசிபிக் லீகில் பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் அடிப்பார், வேறு லீகான ஜயண்ட்ஸின் மைதானத்தில் அப்போது அந்த வசதி இல்லை. பேட்டே பிடித்துப் பழகாத ஆள், சும்மா மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். நின்று வாக் வாங்கினார். ஒகஜிமா பன்ட் (பந்தை மெல்லத் தட்டி, பேஸில் நிற்பவரை முன்னால் நகர்த்துவது). அடுத்து கசுயா ஃபுஜிட்டாவின் கெண்டைக்காலில் பந்து அடித்தது. நொண்டிக்கொண்டே முதல் பேஸுக்குப் போன ஃபுஜிட்டா அங்கே நிற்க முடியாமல், வலியைவிட வெளியே போக வேண்டியிருக்கிறதே என்ற துக்கத்தில் அழுதார். அடுத்த ஆள் கின்ஜி. நடுவே ஒரு ஹிட், நோரிமோட்டோ ஓடி வந்தார், அப்புறம் இன்னொரு ரன்னும் சேர்ந்தது. 4-2. ஐந்து இன்னிங்ஸ் வீசி, வாக் வாங்கி, வெற்றி ரன்னும் ஓடி, வெற்றிப் பிட்சரும் அவரே. டனாகா அன்று பந்தைத் தொடவில்லை.

அப்புறம் ஆறாவது ஆட்டம், முதலில் சொன்னது.

நவம்பர் 3, மழைத் தூறல். மறுபடி மிமா. முதல் இன்னிங்ஸில் ஜயண்ட்ஸின் பிழையில் ஒரு ரன், இரண்டாவதில் ஒகஜிமாவின் டபுளில் ஒன்று, நான்காவதில் அகிஹிசா மகிடாவின் ஹோமர். மிமா ஆறு இன்னிங்ஸ், நோரிமோட்டோ இரண்டு. 3-0. முந்தின நாள் 160 பந்து வீசித் தோற்ற அணி, மறுநாள் காலையில் எழுந்து இன்னும் ஓர் ஆட்டம் ஆடி அதை இந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது ஹோஷினோ நடுவரிடம் போய்ப் பிட்சர் மாற்றம் சொன்னார். ஒலிபெருக்கியில் டனாகா பெயர் வந்தது.

அவர் மைதானத்துக்குள் வரும்போது எப்போதும் ஒலிக்கிற பாட்டை, ரெயின்கோட் போட்டுக்கொண்டு நின்ற கூட்டம் தானே பாடியது. பாட்டு நின்ற பிறகும் பாடியது. இரண்டு ஹிட் கொடுத்தார். இரண்டு அவுட், முதல், மூன்றாவது பேஸில் ஆள். கென்ஜி யானோ பேட்டிங். கீழே விழுந்த ஸ்ப்ளிட்டருக்கு யானோ சுற்றினார், பேட்டில் படவில்லை. 15-வது பந்து அது. தொடரின் சிறந்த வீரர் விருது 11 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்காத மிமாவுக்குப் போனது.

175

இரண்டு நாளில் 175 பந்துகள். தானே கேட்டு வந்தார் என்பது உண்மை. ஆறாவது ஆட்டத்திலும் எடுத்துவிடுகிறோம் என்று சொன்னபோது மறுத்தவர் அவர்தான். ஜப்பானில் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1958 ஜப்பான் சீரிஸில் நிஷிடெட்சுவின் கசுஹிசா இனாவோ ஏழில் ஆறு ஆட்டம் வீசி நான்கை ஜெயித்தார். “கடவுளே, புத்தரே, இனாவோவே” என்று ஜனங்கள் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு இன்னும் முடியவில்லை.

எனக்கு இதில் இரண்டு மனம். ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் முன்னிலை, நோரிமோட்டோ அப்போதுதான் இரண்டு இன்னிங்ஸ் சுத்தமாக வீசியிருந்தார். அவரையே தொடரவிட்டிருக்கலாம். விளையாட்டுக் கணக்கில் டனாகா வரவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் செப்டம்பர் 26, அக்டோபர் 21, நவம்பர் 3 என்று அந்த வருடத்தின் மூன்று கொண்டாட்டத்திலும் கடைசி அவுட் அவருடையது. அவர் அமெரிக்கா போகப்போகிறார் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹோஷினோ அதை ஒரு வழியனுப்பாகத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். 2014 ஜூலையில் அமெரிக்காவில் டனாகாவின் முழங்கைத் தசைநார் கொஞ்சம் கிழிந்திருப்பது தெரியவந்தது. அதையும் அந்த 175-ஐயும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்தாலும் வழியனுப்பு வைக்க 160-க்கு மறுநாளைவிட நல்ல நாள் இருந்திருக்கும்.

அப்புறம்

நவம்பர் 24-ல் சென்டாய் தெருக்களில் ஊர்வலம், 2 லட்சத்துக்கும் மேல் ஜனம். 1974-ல் அந்த ஊருக்குக் கிடைக்காதது.

டனாகாவை அனுப்புவதா வேண்டாமா என்று நிறுவனம் யோசித்தது. யூ டார்விஷ் அமெரிக்கா போனபோது அவருடைய ஜப்பான் அணிக்குக் கிடைத்தது 51.7 மில்லியன் டாலர். 2013 டிசம்பரில் விதி மாறி, உச்சவரம்பு 20 மில்லியன் என்றாகிவிட்டது. கடைசியில் விட்டார்கள். 2014 ஜனவரியில் யாங்கீஸ் அவரை ஏழு வருடத்துக்கு 155 மில்லியன் டாலருக்கு எடுத்தது. மெக்கீயும் அமெரிக்கா திரும்பினார்.

அடுத்த சீசன், 64 வெற்றி, 80 தோல்வி, கடைசி இடம். நோரிமோட்டோ இருந்தார், கின்ஜி, ஒகஜிமா, மிமா எல்லோரும் இருந்தார்கள். முந்தின வருடத்து 58-59 என்ற கணக்கு பொய் சொல்லவில்லை. சீசன் நடுவில் முதுகு நோயால் விடுப்பில் போன ஹோஷினோ வருடக் கடைசியில் பதவியை விட்டார். 2018 ஜனவரியில் இறந்தார். 2025 வரை ராகுடெனுக்கு இன்னொரு லீக் பட்டம் வரவில்லை.

டனாகா 2021-ல் சென்டாய்க்குத் திரும்பினார். அவருக்காக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த 18-ஆம் எண் சட்டையை மறுபடி போட்டார். முதல் வருடம் 4 வெற்றி, 9 தோல்வி. இரண்டு நாட்டிலும் சேர்த்து 197 வெற்றியோடு 2024 கடைசியில் அணியைவிட்டு விலகி, ஜயண்ட்ஸில் சேர்ந்தார். 200-ஐ எட்டியது அந்தச் சட்டையில். ஹோஷினோ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ராகுடெனில் யாருக்கும் இனிக் கொடுக்கக்கூடாது என்று வைத்திருக்கும் எண்கள் இரண்டு. 77 ஹோஷினோவுடையது. 10 முதல் வருடத்திலிருந்தே ரசிகர்களுடையது, களத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கு அடுத்த ஆள் என்ற கணக்கில்.